பொறிவயப்பட்ட சமுதாயமும் துன்பவுலகப் புனைவுகளும்: காஞ்சித் தறிவழி ஒரு வரலாற்று நோக்கு

இல்லாத நல்லுலகம் ஒன்றை எழுத்தில் படைத்துக் காட்டுதல் இலக்கியத்தின் தொன்மையான வேட்கை. 1516இல் தாமஸ் மோர் எழுதிய நூலின் தலைப்பாகிய 'உட்டோப்பியா' அத்தகைய படைப்புகளுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. அதன் மறுதலையாக, வரக்கூடிய தீயவுலகம் ஒன்றைப் படைத்துக் காட்டி மக்களை எச்சரிக்கும் புனைவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பெருகின. இவற்றைத் துன்பவுலகப் புனைவுகள் எனலாம். இரும்புக் கையும் தீக்கண்ணும் கொண்ட பொறிகள் படைதிரட்டி வந்து மனித குலத்தை அடக்கும் கதைகளே இவை என்னும் எண்ணம் திரைப்படங்களால் பரவியுள்ளது. ஆனால் இவ்வகையின் தலையாய படைப்புகளில் அத்தகைய போர் பெரும்பாலும் நிகழ்வதில்லை. அங்கே மக்கள் தம் கைத்திறனையும் நினைவாற்றலையும் சொல்லையும் தாமே மகிழ்ந்து பொறியிடம் ஒப்படைக்கின்றனர். ஒப்படைத்தபின் திரும்பப் பெற வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு எழுவதில்லை.

இவ்வரலாற்றைக் காஞ்சி மாநகரில் இருந்துகொண்டு நோக்குவதற்குத் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. இன்றைய கணிப்பொறியின் குலமுதல்களுள் ஒன்று பட்டுத் தறி. பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தறியின் மேல் தொங்கும் துளையிட்ட அட்டைகள், உலகை ஆட்டிவைக்கும் பொறியின் முன்னோர்கள். ஆகவே பொறிக்கு மனிதன் எவ்வாறு அடிமையாகிறான் என்ற வினாவைத் தறியிலிருந்து தொடங்குவது முறையேயாம்.

பழந்தமிழ்க் காப்பியங்களில் பொறி

தமிழ் இலக்கியம் பொறியை அறியாதது அன்று. மதுரை மதிலைக் காத்த போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்துகிறது. எனினும் பொறிக்கும் மனித மனத்துக்கும் உள்ள உறவை இரண்டு காப்பியங்களே ஆழமாகத் தொட்டுச் செல்கின்றன.

சீவகசிந்தாமணியில் சச்சந்தன், தேவி விசயையின்பால் கொண்ட வேட்கை மிகுதியால் ஆட்சியைக் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். தீங்கு வரும் என்று உணர்ந்தபோது அவன் செய்விப்பது, வானில் பறக்கும் மயிற்பொறி. அப்பொறி விசயையைக் காத்துச் சுடுகாட்டில் இறக்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். பொறி தன் கடமையைச் செம்மையாகவே செய்தது. ஆட்சிப் பொறுப்பை முன்னரே கைவிட்ட அரசனை மட்டும் அதனால் காக்க இயலவில்லை. கைநெகிழ்ந்த கடமைக்குக் கருவி ஈடாகாது என்பதே அக்கதை தரும் பாடம்.

பெருங்கதை இன்னும் நுட்பமானது. உதயணன் யானைகளின்பால் பெருங்காதல் உடையவன். யாழால் மதயானையை அடக்க வல்லவன். அவனைப் படையால் வெல்வது அரிது என்று கண்ட பிரச்சோதனன், உள்ளே வீரர்களை மறைத்த எந்திர யானை ஒன்றைக் காட்டில் நிறுத்துகிறான். உதயணன் அதனைக் காட்டு யானை என்று எண்ணி யாழோடு நெருங்கிச் சிறைப்படுகிறான். பகைவன் அவனுடைய அச்சத்தை ஆராயவில்லை; அவன் விருப்பத்தை ஆராய்ந்தான். வலை அவன் விரும்பிய பொருளின் வடிவிலேயே வந்தது. துன்பவுலகப் புனைவுகள் பிற்காலத்தில் விரித்துரைக்கும் உண்மை, இந்த எந்திர யானைக்குள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒளிந்திருந்தது எனலாம்.

தறியில் பிறந்த பொறி

பிரான்சு நாட்டின் லியோன் நகரம் காஞ்சியைப் போலவே பட்டுக்குப் பெயர்பெற்றது. அந்நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் புதிய தறியமைப்பு ஒன்றை உருவாக்கினார். சேலையில் பூவோ பறவையோ தோன்ற வேண்டுமானால், ஒவ்வோர் ஊடைக்கும் எந்தெந்தப் பாவு நூல்கள் உயர வேண்டும் என்பதை ஒருவர் நினைவில் கொண்டு இழுத்துத் தரவேண்டும். அந்த நினைவை ஜக்கார்டு அட்டைகளில் துளைகளாக மாற்றினார். துளை இருந்தால் நூல் உயரும்; இல்லையேல் உயராது. மனித நினைவு, மனிதனுக்கு வெளியே, பொறி படிக்கும் எழுத்தாக முதன்முதல் வாழத் தொடங்கிய இடங்களுள் இத்தறியும் ஒன்று.

இதே காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் 1811 முதல் பின்னல் தொழிலாளர் பொறிகளை உடைக்கத் தொடங்கினர். லுட்டைட்டுகள் எனப்பட்ட இவர்கள் பொறியை வெறுத்த அறியாமையாளர் என்றே நெடுங்காலம் இகழப்பட்டனர். கூலியைக் குறைக்கவும் தொழிலின் தரத்தைக் கெடுக்கவும் பயன்பட்ட பொறிகளே அவர்களின் இலக்கு. பொறி உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தபோது, 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் ஒருவர் எழுந்து அத்தொழிலாளர்க்காகப் பேசினார். அவர் கவிஞர் பைரன். அவ்வவையில் அவர் ஆற்றிய முதல் உரை அதுவே.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1816ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனிவா ஏரிக்கரையில் பைரன் தம் நண்பர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். அச்சொல்லிலிருந்து பிறந்தது, மேரி ஷெல்லி எழுதி 1818இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அந்நூலில் படைக்கப்பட்ட உயிர் முதலில் தீயதன்று. படைத்தவன் அதனை ஏறிட்டும் பாராமல் கைவிட்டதால் அது தீயதாகிறது. அறிவியல் குறித்த பிற்கால எச்சரிக்கைக் கதைகள் பலவற்றுக்கு இந்நூலே தாய்.

பைரனின் மகள் ஏடா லவ்லேஸ் இவ்வரலாற்றின் அடுத்த கண்ணி. கணிதவியலார் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்புப் பொறி, ஜக்கார்டு தறியின் துளையட்டைகளைக் கொண்டே இயங்குவதாக அமைந்தது. லியோனில் ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைப் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். 1843இல் அப்பொறியைப் பற்றி எழுதிய குறிப்புகளில் ஏடா, தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல் இப்பொறி கணிதக் கோலங்களை நெய்யும் என்று ஒப்பிட்டார். அதோடு, எதையும் தானே தோற்றுவிக்கும் உரிமையை அப்பொறிக்கு அவர் வழங்கவில்லை. நாம் ஆணையிடத் தெரிந்ததையே அது செய்யும் என்றார். பாபேஜின் பொறி முற்றுப்பெறவில்லை. ஆயினும் துளையட்டை பிழைத்தது; 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் பொறிகள் மனிதரையே துளைகளாக்கி எண்ணின. தந்தை நெசவுப் பொறியால் வாழ்விழந்தோர்க்காகப் பேசினார்; மகள் நெசவுப் பொறியின் வழித்தோன்றலுக்கு இலக்கணம் வகுத்தார். இரண்டு குரல்களும் ஒரு குடும்பத்தில் எழுந்தமை எண்ணத்தக்கது.

1909: ஓர் ஆண்டு, இரு நூல்கள்

சாமுவேல் பட்லர் 1872இல் வெளியிட்ட 'எரிவான்' என்ற நூலில், பொறிகள் ஒருநாள் தம்மை மிஞ்சும் என்று அஞ்சி அவற்றை ஒழித்துவிட்ட நாடு ஒன்று வருகிறது. வழிப்போக்கன் கையில் இருந்த கடிகாரமே அங்குக் குற்றப்பொருளாகிறது. இது அங்கதம். இவ்வச்சத்தை முழுமையான துன்பவுலகமாக வடித்தவர் ஈ.எம். ஃபார்ஸ்டர். அவருடைய 'பொறி நின்றுவிடுகிறது' என்னும் குறுங்கதை 1909 நவம்பரில் வெளிவந்தது.

அக்கதையில் மனிதர் மண்ணுக்கடியில், தேனடை அறை போன்ற தனித்தனிக் கூடுகளில் வாழ்கின்றனர். உணவும் இசையும் மருந்தும் பொத்தானை அழுத்தினால் வரும். வாஷ்டி என்னும் தாய் உலகின் ஒரு பாதியிலும் மகன் கூனோ மறு பாதியிலும் இருக்கின்றனர். ஒளிரும் வட்டத் தகட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர். 'பொறியின் வழியாக அன்றி நேரில் காண வா' என்று மகன் அழைக்கிறான். தாய்க்கு அது விளங்காத வேண்டுகோளாக இருக்கிறது. ஒருவரை ஒருவர் தொடுவது அங்கே நாகரிகக் குறைவு. நேரே பெற்ற கருத்து இழிவானது, பத்துக் கைமாறி வந்த கருத்தே சிறந்தது என்று அறிஞர் சொற்பொழிவாற்றுகின்றனர். பொறியின் கையேடு வேதநூலாகிறது. பின்னர் பொறி பழுதுபடத் தொடங்குகிறது. இசையில் கரகரப்பு எழுகிறது. முதலில் முறையிடும் மக்கள், சில நாளில் அக்கரகரப்பையே இசையாக ஏற்றுப் பழகிவிடுகின்றனர். இக்கதையின் உயிர்நிலை இவ்விடம். பழுதை உணரும் ஆற்றலே பழுதாகிவிடுதல்தான் அடிமைத்தனத்தின் முற்றிய நிலை என்பதை ஃபார்ஸ்டர் ஒரு கரகரப்பால் உணர்த்திவிடுகிறார்.

அதே 1909 நவம்பரில், இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா சென்ற 'கில்டோனன் காசில்' கப்பலில் காந்தியடிகள் குஜராத்தியில் ஒரு நூலை எழுதிக்கொண்டிருந்தார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதினார். அந்நூல் 'இந்திய சுயராஜ்யம்'. புகைவண்டியும் ஆலையும் மனிதனின் தன்னாட்சியைக் குலைப்பதை அது உரையாடலாக ஆராய்ந்தது. ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே மாதத்தில், ஒருவர் கதையாகவும் ஒருவர் அறநூலாகவும் ஒரே அச்சத்தை எழுதியது உலக இலக்கிய வரலாற்றின் வியத்தகு ஒற்றுமைகளுள் ஒன்று. பின்னர், 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்னும் மாணவரோடு நிகழ்த்திய உரையாடலில், தாம் எதிர்ப்பது பொறியை அன்று, பொறிப் பித்தையே என்று காந்தியடிகள் தெளிவுபடுத்தினார். தையற்பொறியை விலக்காக ஏற்றார். அன்பினால் பிறந்த கருவி அது என்பது அவர் கருத்து. கருவியை அதன் திறத்தால் அளவாமல், அது யாருடைய கையைக் காக்கிறது, யாருடைய கையை வெறுமையாக்குகிறது என்று அளக்கும் அளவுகோல் இங்கே பிறந்தது.

அதே 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சியில் நெசவாளர் குடும்பம் ஒன்றில் அண்ணா பிறந்தார். பகுத்தறிவையும் அறிவியலையும் போற்றிய அவரே 1953இல், தேங்கிக் கிடந்த கைத்தறித் துணிகளைத் தெருவில் இறங்கி விற்றார் என்பது மேற்கண்ட அளவுகோலோடு சேர்த்து நோக்கத்தக்கது. அறிவியலை ஏற்பதும் கைத்திறனைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எண்ணால் ஆட்சி, இன்பத்தால் ஆட்சி

முதல் உலகப் போருக்குப்பின் இவ்வகைப் புனைவு வேகம் கொண்டது. உருசிய எழுத்தாளர் எவ்கெனி சாமியாத்தின் கப்பற்பொறியாளர். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பனியுடைப்புக் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்த்தவர். அவர் 1920-21இல் எழுதிய 'நாம்' புதினத்தில் குடிமக்களுக்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. கவிஞர்களும் உண்டு; ஆனால் அவர்கள் அரசின் ஊழியர்கள். 1921இல் பிராகா நகரில் மேடையேறிய காரல் சாபெக்கின் 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. எந்திரன் என்று தமிழ் வழங்கும் உருவத்தின் பிறப்பிலேயே கொத்தடிமையின் பொருள் பொதிந்திருக்கிறது.

1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதிய 'துணிச்சல்மிகு புத்துலகம்' அடிமைத்தனத்தின் மற்றொரு முகத்தைக் காட்டியது. அங்கே சங்கிலி இல்லை. 'சோமா' என்னும் மாத்திரை உண்டு. துயரம் தோன்றும் முன்பே அதனை அழிக்கும் கேளிக்கைகள் உண்டு. ஷேக்ஸ்பியர் தடை செய்யப்பட்டிருக்கிறார். ஆனால் படிக்க விரும்புவோர் இல்லாததால் அத்தடை எவருக்கும் உறைப்பதில்லை. ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட 'ஃபாரன்ஹீட் 451' இதன் தொடர்ச்சி. வீட்டுச் சுவர்களே பேசும் திரைகளாகின்றன. காதில் சிப்பி போன்ற சிறு ஒலிக்கருவிகள் நாள் முழுதும் முணுமுணுக்கின்றன. தீயணைப்போர் நூல்களை எரிக்கின்றனர். ஆனால் அவர்களின் தலைவன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறான்: தடை மேலிருந்து வரவில்லை, மக்கள் தாமாகவே படிப்பதை நிறுத்தினர், தீ பின்னர் வந்தது. அப்புதினத்தின் இறுதியில் சிலர் காட்டோரத்தில் நூல்களை மனப்பாடம் செய்து தாமே நூல்களாக உலவுகின்றனர். திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் நெஞ்சிலிருந்தே ஓதப்படும் காஞ்சிக் கோயில்களை அறிந்தோர்க்கு இக்காட்சி கற்பனையாகத் தோன்றாது. தமிழின் நூல்கள் ஓலையில் அழிந்தும் நெஞ்சில் பிழைத்தும் வந்தவை.

தமிழில் சுஜாதா

தமிழில் இவ்வகைப் புனைவைப் பெருந்திரளான வாசகரிடம் சேர்த்தவர் சுஜாதா (1935-2008). பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், மின்னணு வாக்குப்பதிவுப் பொறியின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். சாமியாத்தினைப் போலவே இவரும் பொறியை உள்ளிருந்து அறிந்தவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா', இருபத்தோராம் நூற்றாண்டின் இருபதுகளில் நிகழும் கதை. இந்தியாவை ஜீவா என்னும் ஒரே தலைவர் ஆள்கிறார். குடிமக்களுக்கு நீண்ட பெயர்கள் இல்லை. நிலா, சிபி, ரவி என இரண்டெழுத்துப் பெயர்களே. குழந்தை பெற அரசின் இசைவு வேண்டும். நிலாவும் சிபியும் அதற்காகக் காத்திருக்கும் நிலையில் கதை தொடங்குகிறது. ஆட்சியின் உச்சியில் வீற்றிருக்கும் ஜீவா உயிருள்ள மனிதரல்லர், ஒளியால் ஆன படிமம் என்பது கதைப்போக்கில் வெளிப்படுகிறது. மக்கள் வணங்கிய முகத்தின் பின்னால் முகமே இல்லை.

இக்கதையின் பெரும்புகழ் ஜீனோ என்னும் எந்திர நாய்க்கு உரியது. அது பேசுகிறது, சிந்திக்கிறது, கிண்டல் செய்கிறது, நிலாவுக்குத் துணை நிற்கிறது. மனிதர் எந்திரம்போல் ஆணைக்கு இணங்கும் நாட்டில் எந்திரம் மனிதத் தன்மை பெறுகிறது என்பது சுஜாதாவின் முரண்சுவை. தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, 'மீண்டும் ஜீனோ' எனத் தொடர்ச்சியும் பெற்ற இப்படைப்பில் வாசகர் ஜீனோவை நேசித்தனர். இரண்டெழுத்துப் பெயர்களின் கொடுமையை அவ்வளவாக நினைவில் கொள்ளவில்லை. பெயரைச் சுருக்குவது மொழியைச் சுருக்குவதன் முதற்படி. எச்சரிக்கையாக எழுதப்பட்ட நூலையும் இனிய விளையாட்டாக ஏற்றுக்கொள்ளும் மனம், உதயணன் எந்திர யானையை நெருங்கிய மனத்திலிருந்து வேறுபட்டதன்று.

பா இயற்றும் பொறி

மேற்கண்ட புனைவுகளுள் கவிஞர்கள் தனியே கருதவேண்டிய கிளை ஒன்று உண்டு. அது சொல்லை நெய்யும் பொறியின் வரலாறு. ஜோனத்தன் சுவிஃப்ட் 1726இல் வெளியிட்ட 'கல்லிவரின் பயணங்கள்' நூலில், லகாடோ நகரத்துப் பேராசிரியர் ஒருவர் இருபதடிச் சதுரச் சட்டம் ஒன்றை அமைத்திருக்கிறார். மரத்துண்டுகளில் மொழியின் சொற்கள் அனைத்தும் ஒட்டப்பட்டுள்ளன. நாற்பது மாணவர் நாற்பது இரும்புக் கைப்பிடிகளைத் திருப்ப, சொற்கள் இடம் மாறி விழுகின்றன. பொருள்படும் தொடர்கள் எழுதிக்கொள்ளப்படுகின்றன. மேதையோ கல்வியோ இல்லாதவரும் கவிதையும் தத்துவமும் எழுதலாம் என்பது பேராசிரியரின் கூற்று. அந்தச் சட்டம் தோற்றத்தில் தறியை நினைவூட்டுவது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமற்றது அன்று.

ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' புதினத்தில் புதினங்களைப் பொறிகள் உருவாக்குகின்றன. பொதுமக்களுக்கான பாடல்களைச் செய்யுட்பொறி ஒன்று மனிதர் துணையின்றி இயற்றுகிறது. அப்பாடல்களுள் ஒன்றைத் துணி உலர்த்தும் உழைப்பாளிப் பெண் ஒருத்தி பாடுகிறாள். வெற்றுச் சொற்கள் அவள் குரலில் ஏறத்தாழ இனிய பாட்டாகின்றன. ஆர்வெல் இங்கே நம்பிக்கையின் சிறு பொறியைக் காத்து வைத்திருக்கிறார். உயிர் சொல்லில் இல்லாதபோதும் பாடுவோளின் குரலில் எஞ்சியிருந்தது.

1953இல் ரோல்டு டால் எழுதிய சிறுகதை இன்னும் கூர்மையானது. கதை எழுதும் பெரும்பொறி ஒன்றைக் கண்டுபிடித்த ஒருவன், எழுத்தாளர்களிடம் ஒப்பந்தம் நீட்டுகிறான்: நீங்கள் இனி எழுத வேண்டா, உங்கள் பெயரில் பொறி எழுதும், வாழ்நாள் முழுதும் பணம் வரும். பலர் கையொப்பமிடுகின்றனர். கதையின் இறுதியில், பசித்த பிள்ளைகளின் அழுகுரல் அடுத்த அறையில் கேட்க, ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் இருக்கும் வலிமையை வேண்டி ஒருவன் மன்றாடுகிறான். பொறி எவ்வளவு நன்றாக எழுதுகிறது என்பதைப் பற்றிய கதையன்று அது. மறுப்பதன் விலை என்ன என்பதைப் பற்றியது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி மக்கள் பயன்பாட்டுக்கு வந்தபின் லகாடோச் சட்டம் கற்பனையாக இல்லை. கேட்ட பொருளில், கேட்ட யாப்பின் சாயலில், நொடிப்பொழுதில் தமிழ்க் கவிதை தரும் பொறி இன்று கைப்பேசியில் இருக்கிறது. அது மனிதர் எழுதிக் குவித்த எழுத்துகளைப் பயின்றே எழுதுகிறது. மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. ஆயினும் முதற்பிச்சையை ஆதிரையின் கை இட்ட பின்னரே அது சுரந்தது. அந்தக் கலத்தைப் பெற்றவள் ஆதிரையைத் தேடிச் சென்றாள். சாத்தனார் ஆதிரையின் கதையைத் தனிக் காதையாகவே பாடினார். சொல் சுரக்கும் புதிய கலத்துக்கு முதற்பிச்சை இட்ட எண்ணற்ற கவிஞர்களை எவரும் தேடிச் செல்லவில்லை. கலத்தின் வியப்பைக் காட்டிலும் இம்மறதி அஞ்சத்தக்கது.

காஞ்சித் தறி வகுத்த எல்லை

பொறியை ஏற்பதா, மறுப்பதா என்று மட்டும் வினவுவது பயன் தராது. எதை ஏற்று எதை மறுப்பது என்பதே வினா. இதற்குக் காஞ்சித் தறியின் வரலாறு ஒரு விடையை வைத்திருக்கிறது.

காஞ்சியின் பழைய நெசவில் 'அடை' என்னும் முறை இருந்தது. வடிவத்துக்குரிய பாவு நூல்களைக் கட்டுகளால் பிணைத்து, துணையாள் முறைப்படி உயர்த்தித் தர, நெசவாளர் ஊடை இடுவார். கோலம் அனைத்தும் கையின் பழக்கத்திலும் நெஞ்சின் கணக்கிலும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஜக்கார்டு பெட்டி வந்து அடையின் பெரும்பகுதியை விலக்கியது. துணையாளின் நினைவு அட்டைக்குப் போயிற்று. பின்னர் வடிவம் வரைதலும் கணிப்பொறிக்கு மாறியது. இவை இழப்புகளே, அடை அறிந்தோர் அருகியமை ஓர் அறிவுத்துறை அருகியமை ஆகும்.

ஆனால் கோர்வை நின்றது. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், மூன்று நாடாக்களைக் கொண்டு, இருவர் சேர்ந்து ஒவ்வோர் ஊடைக்கும் பிணைத்து நெய்வது கோர்வை. உடலின் பாவும் முந்தியின் பாவும் வேறாகும்போது இழை இழையாக இணைப்பது பேட்னி. அட்டை எந்த நூல் உயர வேண்டும் என்று சொல்லும். நாடா எறியும் கையும், கரையும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கும் கண்ணும் நெசவாளருடையவையே. கருவி நினைவின் ஒரு பகுதியைச் சுமந்தது, பொறுப்பு மாறவில்லை.

இவ்வெல்லை தானாக நிலைக்கவில்லை. 1985இல் நாடாளுமன்றம் இயற்றிய கைத்தறிக்கான பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம், 22 வகைப் பொருள்களை விசைத்தறியிலும் ஆலையிலும் நெய்யலாகாது என விலக்கியது. வழக்குகளைத் தாண்டி 1993இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது; பின்னர்ப் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இச்சட்டங்கள் முழுமையாகக் காக்கவில்லை. விசைத்தறிச் சேலை காஞ்சிப் பெயரில் விற்கப்படுவதும், நெசவாளர் பிள்ளைகள் தறியைவிட்டு அகல்வதும் கண்கூடு. ஆயினும் பொறியால் இயலும் என்பதனாலேயே ஒன்றைப் பொறிக்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை என்று ஒரு சமுதாயம் சட்டமாக எழுதி வைத்த சான்று இது. துன்பவுலகப் புனைவுகளின் மாந்தர் எவரும் எழுதாத சட்டம்.

லியோனின் பட்டு நெசவாளரும் 1831இல் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் கேட்டது நெசவுக்கு உரிய விலையை வரையறுக்க வேண்டும் என்பதையே. ஜக்கார்டு தறியில் அமர்ந்தே அவர்கள் உரிமை கேட்டனர். தறிக்கு எதிரே அமர்ந்திருப்பவர் தலைநிமிர்ந்து கேட்கும் வரை தறி கருவியாகவே இருக்கும்.

மறுக்கத் தெரிந்தவன் கவிஞன்

காஞ்சியின் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். வைணவ மரபு அதற்கொரு வரலாறு கூறும். பல்லவ அரசன் தன்னைப் பாடுமாறு திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பணித்தான். கணிகண்ணன் மறுத்தார், நாடுகடத்தப்பட்டார். ஆழ்வாரும் அவருடன் புறப்பட்டு, பெருமாளையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வருமாறு பாடினார். பெருமாளும் சென்றார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை எனப் பெயர் பெற்றது என்பர். அரசன் பிழை உணர்ந்து வேண்ட, அனைவரும் திரும்பினர்.

இக்கதையில் சொன்னவண்ணம் செய்தவர் இறைவன். சொன்னவண்ணம் செய்யாதவர் கவிஞர். சொன்னதைச் செய்தல் அன்பினால் நிகழ்ந்தபோது பெருமையாயிற்று. ஆணைக்குப் பாடுதல் அன்பின்றி நிகழவிருந்ததால் மறுக்கப்பட்டது. ஆர்வெலின் செய்யுட்பொறியால் இயலாதது கணிகண்ணனால் இயன்றது. நல்ல பாட்டை எழுதும் திறம் எதிர்காலப் பொறிக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். பாட மறுத்து, அதன் விலையாகத் தன் ஊரை இழக்கும் நிலை பொறிக்கு இல்லை. இழக்க ஏதுமில்லாத ஒன்றின் சொல்லுக்கும், இழக்கத் துணிந்தவரின் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை யாப்பிலக்கணம் காட்டாது, வாழ்வே காட்டும்.

சுவிஃப்ட் முதல் சுஜாதா வரை துன்பவுலகங்களைப் படைத்தோர் பொறியின் ஆற்றலை அளந்து அஞ்சியதைவிட, மனிதனின் இணக்கத்தை அளந்தே அஞ்சினர். வாஷ்டி கரகரப்பை இசையாக ஏற்றாள். டாலின் எழுத்தாளர்கள் கையொப்பமிட்டனர். நிலாவின் நாட்டார் இரண்டெழுத்துக்குள் தம் பெயரைச் சுருக்கிக்கொண்டனர். பத்தாண்டுகளாக மாலைதோறும் ஒன்றுகூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் நேரில் கேட்டு, இது பழுது என்று சொல்லவும் இது நன்று என்று சொல்லவும் பழகிய ஓர் இலக்கிய வட்டத்தின் பயன் இவ்விடத்தே விளங்கும். கரகரப்பைக் கரகரப்பு என்று உணரும் செவியை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அதனை ஒருவர் மற்றவரிடமிருந்தே பெறவேண்டும். கோர்வைக்கு இருவர் வேண்டும் என்பது காஞ்சித் தறியின் விதி. கவிதைக்கும் அதுவே விதியாகும்.